குளித்த நீர் மரத்துக்கு, நல்ல நீர் உங்களுக்கு

2019ஆம் ஆண்டின் கோடையைச் சென்னையில் வாழ்ந்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. தெருமுனைகளில் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்கள் லாரியை எதிர்நோக்கி வரிசையில் நின்றன.

அந்த நாள்களில் அறுபதைக் கடந்த ஓர் அம்மையாரை அவருடைய மகள் என்னிடம் அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அம்மையாருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. இரண்டு நாள்களாகக் காய்ச்சல், குளிர்நடுக்கம், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல். பரிசோதனையில் சிறுநீரகத் தொற்று தெரிந்தது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவும் உயர்ந்திருந்தது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீங்க அம்மா?” என்று கேட்டேன்.

“மூணு டம்ளர் இருக்கும் டாக்டர். அதிகமாக் குடிச்சா அடிக்கடி பாத்ரூம் போகணும். அதுக்குத் தண்ணிக்கு எங்கே போறது?”

மகள் குறுக்கிட்டார். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆறு குடம் நீர் கிடைக்கிறது. அதில் நாள்தோறும் ஒரு குடத்தைக் கொல்லையில் இருக்கும் முருங்கைக்கும் நந்தியாவட்டைக்கும் அம்மா ஊற்றிவிடுகிறார் என்று முறையிட்டார். எனக்குச் சினம் வந்தது. “இந்த நேரத்தில் செடிக்கெல்லாம் ஊற்றலாமா? முதலில் நீங்கள் பிழைக்க வேண்டாமா?” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அம்மையார் மறுமொழி கூறவில்லை. அவரை உள்நோயாளியாகச் சேர்த்த பிறகு, மகள் மட்டும் தனியே வந்து, அந்த இரண்டையும் காலஞ்சென்ற தம் தந்தை நட்டதாகச் சொன்னார்.

மறுநாள் காலை பார்வையிடச் சென்றபோது அந்த அம்மையாரிடம் வேறொரு கேள்வி கேட்டேன். “குளிக்கிற தண்ணீரை என்ன செய்கிறீர்கள்?” சாக்கடைக்குத்தான் போகிறது என்றார். சோப்புத் தண்ணீர் பட்டால் மரம் பட்டுப்போகும் என்று அண்டை வீட்டார் சொன்னார்களாம். ஆகவே குளித்த நீர் சாக்கடைக்கும், குடிக்கும் நீர் மரத்துக்கும், மூன்றே டம்ளர் அவருக்கும் என்று பங்கீடு ஆகியிருந்தது. அந்தப் பங்கீட்டின் விலைதான் அவர் மருத்துவமனையில் கழித்த ஒரு வாரம்.

இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். வறட்சிக் காலத்தில் சிக்கனம் செய்ய வேண்டிய இடம் தோட்டம், உடம்பு அன்று. தோட்டத்தையும் வாட விட வேண்டியதில்லை. ஒருமுறை பயன்படுத்திய நீரை முறையறிந்து மீண்டும் பயன்படுத்தினால் இரண்டும் பிழைக்கும்.

முன்னோர் அறிந்ததே

குளியலறை, கை கழுவும் தொட்டி, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து வெளியேறும் நீரை ஆங்கிலத்தில் ‘கிரே வாட்டர்’ என்பார்கள். தமிழில் ‘சாம்பல் நீர்’ என்ற சொல் இப்போது வழக்கில் வந்திருக்கிறது. கழிப்பறையிலிருந்து வரும் மலநீர் இதில் சேராது. அது வேறு, அதைத் தோட்டத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

சொல் புதிதாயினும் செய்கை பழையது. கிணற்றடியில் துவைகல், அங்கிருந்து ஒரு சிறு வாய்க்கால், அது முடியும் இடத்தில் வாழைக்கூட்டம், அருகே சேம்பும் கல்வாழையும். இப்படி அமைந்த கொல்லைகளை நம்மில் பலர் சிறு வயதில் பார்த்திருப்போம். அரிசி கழுவிய நீர் கழுநீர்த் தொட்டிக்குச் சென்று மாட்டுக்கு உணவாயிற்று. எந்த நீரும் ஒரே வேலையோடு ஓய்வு பெறவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நாம் இடம்பெயர்ந்தபோது எல்லா நீரையும் ஒரே குழாயில் சேர்த்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கழிவாக்கிவிட்டோம்.

கணக்கையும் பார்ப்போம். ஒருவருக்கு அடிப்படைத் தேவைகள் நிறைவேற நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் நீர் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கடும் தட்டுப்பாட்டில் ஆளுக்கு 15 லிட்டர் கொண்ட ஒரு வாளியில் குளியலை முடித்துக்கொண்டாலும், நால்வர் உள்ள வீட்டில் 60 லிட்டர் சேரும். துணி அலசிய நீர் 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 90 லிட்டர்; குடக்கணக்கில் ஆறு குடம். அந்த அம்மையார் வீட்டுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை கிடைத்த மொத்த நீரே ஆறு குடம்தான். குளித்த நீரைச் சாக்கடையில் விட்டுக்கொண்டே லாரிக்குக் காத்திருந்தது அவர் ஒருவர் மட்டுமல்லர். நகரத்தில் நாம் எல்லோரும் அதைத்தான் செய்தோம்.

மிச்சமாகும் நல்ல நீர் எங்கே செல்ல வேண்டும் என்பதில் மருத்துவர் என்ற முறையில் எனக்கு ஐயமே இல்லை. முதலில் குடிப்பதற்கு, அடுத்துச் சமையலுக்கு, அதற்கடுத்து, சோப்பிட்டுக் கை கழுவுவதற்கு. நீர் அசுத்தமாக இருப்பதால் வரும் நோய்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நீர் போதாமையால் வரும் நோய்களும் உண்டு. கை கழுவுவது குறைந்தால் வயிற்றுப்போக்கு பரவுகிறது. குளிப்பதும் துவைப்பதும் குறைந்தால் சொறி சிரங்கு பரவுகிறது. குடிப்பது குறைந்தால் சிறுநீரகக் கல்லும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. வறட்சியில் இவை ஓசையின்றி வருகின்றன.

(டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும், இதய பலவீனம் உள்ளவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தங்கள் மருத்துவர் சொன்ன அளவின்படியே வைத்துக்கொள்ள வேண்டும். ‘நிறையக் குடியுங்கள்’ என்ற பொது அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது.)

தேக்கினால் கெடும்

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சாம்பல் நீரை அஞ்சி ஒதுக்குவோர் ஒரு சாரார் என்றால், அதைக் குடிநீர் போலக் கையாள்வோர் இன்னொரு சாரார். அதே ஆண்டில் டெங்கு காய்ச்சலோடு ஒரு சிறுவன் எங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அவன் தந்தை பெருமிதத்தோடு சொன்னார்: “எங்க வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி வீணாக்க மாட்டோம் டாக்டர்.” வீட்டின் பின்புறம் இருந்த இரண்டு டிரம்களை அவர் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினார். ஒன்றில் லாரி நீர். மற்றொன்றில் குளித்த நீர். இரண்டுக்கும் மூடியில்லை. வாரக்கணக்கில் நிரப்புவதும் எடுப்பதுமாக இருந்தாரே தவிர, ஒருநாளும் அடிவரை காலி செய்து தேய்த்ததில்லை. அந்த டிரம்தான் நோயைக் கொடுத்தது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும், வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர், இரண்டிலும் புழு நெளிகிறது என்று தொலைபேசியில் சொன்னார்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேக்கி வைத்த தெளிந்த நீரை விரும்பும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் போதும். நீர் வற்றிய பின்னும் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; நீர் பட்டதும் பொரியும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கோ அழுக்கு நீரே உகந்தது. ஆக, மூடாமல் தேக்கிய நல்ல நீரும் ஆபத்து. தேக்கிய சாம்பல் நீரும் ஆபத்து.

கொசு வராவிட்டாலும் கிருமி பெருகும். நாம் குளிக்கும்போது உடலிலிருந்து அழுக்கு மட்டும் நீங்குவதில்லை. குடலில் வாழும் கிருமிகளும் சிறிதளவு நீரில் கலக்கின்றன. நீரில் கலந்த தோல்துகளும் எண்ணெய்ப்பசையும் அக்கிருமிகளுக்கு உணவு. நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாள் நின்றாலே அவை பன்மடங்காகின்றன. இரண்டாம் நாள் நாற்றமெடுக்கிறது. எனவே இவ்விஷயத்தில் முதல் விதி இதுதான்: சாம்பல் நீரைச் சேமிக்காதீர்கள்; செலவழியுங்கள். காலையில் குளித்த நீர் மாலைக்குள் மண்ணுக்குள் போய்விட வேண்டும். எந்த நிலையிலும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

எந்த நீர், எந்தச் செடிக்கு

குளித்த நீரும் கை கழுவிய நீரும் தோட்டத்துக்கு ஏற்றவை. துணி துவைத்த நீரில் ஒரு வேறுபாடு உண்டு. நுரை ததும்பும் முதல் நீரில் சலவைத்தூளின் சோடியம் உப்புகள் மிகுதி. அவை மண்ணில் தங்கி, மண்ணை இறுக்கி, நீர் இறங்காதபடி செய்துவிடும். அந்த நீரைக் கழிப்பறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, மூன்றாவது முறை அலசிய நீர் மரத்துக்குப் போகலாம். சோப்புத் தண்ணீரில் மரம் பட்டுப்போகும் என்று அண்டை வீட்டார் சொன்னதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. அவர்கள் எச்சரித்தது தவறன்று; எல்லா நீரையும் ஒன்றாக எண்ணியதே தவறு.

காய்கறியும் அரிசியும் கழுவிய நீரைத் தயக்கமின்றி ஊற்றலாம். எண்ணெய்ப் பாத்திரம், இறைச்சி, மீன் கழுவிய நீர் வேண்டாம். எலியையும் ஈயையும் அழைக்கும். பிளீச்சிங் பவுடரோ கிருமிநாசினித் திரவமோ கலந்த நீர் மண்ணில் வாழும் நல்ல உயிர்களைக் கொல்லும், அதுவும் வேண்டாம். தலைச்சாயம் கழுவிய நீரும் சாக்கடைக்கே.

வீட்டிலுள்ள ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீர் சாம்பல் நீர் அன்று. அதில் அழுக்கில்லை, உப்பு மிகுதி. வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் அது நன்று. செடிக்கு ஊற்றுவதானால் வேறு நீரோடு கலந்து ஊற்றுங்கள். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரில் உப்பே கிடையாது. தொட்டிச் செடிகளுக்கு அதை அப்படியே ஊற்றலாம். குடிப்பதற்கு மட்டும் அது உதவாது.

வாழை, தென்னை, முருங்கை, மா, கறிவேப்பிலை, பூச்செடிகள் ஆகியவற்றுக்குச் சாம்பல் நீர் பொருந்தும். அவற்றில் நாம் உண்ணும் பகுதி மண்ணுக்கு மேலே, நீர் படாத உயரத்தில் இருக்கிறது. பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கொத்தமல்லி, புதினாவுக்கும், மண்ணுக்குள் விளையும் முள்ளங்கி, கேரட்டுக்கும் அறவே கூடாது. கீரையைச் சமைத்தே உண்கிறோம் என்றாலும், தரையை ஒட்டி வளர்வதால் தவிர்ப்பதே நல்லது.

ஊற்றும் முறையும் முக்கியம். குழாயால் பீய்ச்சி அடித்தால் நீர்த்துளிகளோடு கிருமிகளும் காற்றில் பரவும். இலையிலும் காயிலும் படியும். அடிமரத்தைச் சுற்றிப் பாத்தி வெட்டி, அதில் காய்ந்த இலையோ தென்னை மட்டைத் துண்டுகளோ பரப்பி, அதன்மீது மெல்ல ஊற்றுங்கள். நீர் தெருவுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஓடக் கூடாது. பாத்தியில் தேங்கி நிற்கவும் கூடாது. கிணற்றை ஒட்டிய இடத்தில் வேண்டவே வேண்டாம். நாள்தோறும் ஒரே மரத்துக்கு ஊற்றாமல் முறை மாற்றுங்கள். மண்மீது வெண்படலம் பூக்கத் தொடங்கினால் உப்பு மிகுந்துவிட்டது என்று பொருள். சில வாரங்கள் நிறுத்துங்கள். அடுத்த மழை அந்த உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போகும்.

வீட்டில் நோயாளி இருந்தால்

இந்த இதழைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லது நோயாளியைப் பேணுபவர்கள். ஆகவே இப்பகுதியை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் எவருக்கேனும் வயிற்றுப்போக்கோ மஞ்சள்காமாலையோ இருந்தால், நோய் தீரும் வரை அவர் குளித்த நீரும் அவருடைய துணி துவைத்த நீரும் சாக்கடைக்கே போகட்டும். குழந்தையின் மலம் பட்ட துணியையோ முதியவரின் படுக்கை விரிப்பையோ அலசிய நீர் எப்போதும் மலநீருக்குச் சமம். சீழ் வடியும் புண்ணுக்குக் கட்டிய துணிக்கும் இதே விதிதான்.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோரின் சிறுநீர், வாந்தி, வியர்வை ஆகியவற்றில் மருந்தின் எச்சம் வெளியேறும். மருந்து ஏற்றிய பின் குறைந்தது 48 மணி நேரத்துக்கு அவர்களுடைய துணிகளைத் தனியே துவைத்து அந்த நீரைச் சாக்கடையில் விட வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர் சிலர், வெளியேற்றும் திரவத்தில் யூரியா இருக்கிறதே, செடிக்கு உரமாகுமே என்று என்னிடம் கேட்டதுண்டு. கூடாது. அது உடலிலிருந்து வெளியேறிய திரவம். கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டும்.

சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்கள் ஆகியோர் சாம்பல் நீரைத் தாங்களே தூக்கி ஊற்ற வேண்டாம். வீட்டில் பிறர் செய்யட்டும். நீரிழிவு உள்ளவர்கள் ஈரத்தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். உணர்விழந்த பாதத்தில் முள் தைத்ததே தெரியாமல், அழுக்கு நீரில் நின்று, காலையே இழக்கும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு. ஊற்றுபவர் எவராயினும் செருப்பு அணியட்டும்; முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவட்டும். கை கழுவும் அந்த நீர் வீண் செலவு ஆகாது; அதற்காகத்தானே மற்ற நீரை மிச்சப்படுத்துகிறோம்!

நம் பங்கு, நகரத்தின் பங்கு

“நகரமே வறண்டு கிடக்கையில் வாளி நீரில் என்ன ஆகிவிடும்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஏரிகளைத் தூர்வாருவதற்கும், கசியும் குழாய்களை அடைப்பதற்கும் வீட்டு வாளி மாற்றாகாது. 2003ஆம் ஆண்டில் தமிழகம் முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோதும் இதே கேள்வி எழுந்தது. அன்று ஒவ்வொரு கூரையும் கணக்கில் வந்தது போல, இன்று ஒவ்வொரு குளியலறையும் கணக்கில் வர வேண்டும் என்பது என் கருத்து. புதிதாக வீடு கட்டுவோர் குளியலறைக் குழாயையும் கழிப்பறைக் குழாயையும் தொடக்கத்திலேயே தனித்தனியே பிரித்துவிடுங்கள். கட்டும்போது அது சிறு செலவு. கட்டி முடித்த பின் சுவரை உடைக்கும் வேலை.

பிறருக்குச் சொல்லும் அறிவுரை மருத்துவமனைக்கும் பொருந்த வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒருமுறை டயாலிசிஸ் செய்ய, நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் தூய நீர் தேவை. அந்தத் தூய நீரை உண்டாக்கும்போது ஆர்.ஓ. கருவி கணிசமான அளவு நீரை வெளியே தள்ளுகிறது. அது நோயாளியின் உடலையோ இரத்தத்தையோ தொடாத நீர். உப்பு மட்டுமே கூடுதல். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் சிறுநீரக மருத்துவர்கள் நெடிய வறட்சிக் காலத்தில் இந்த நீரைத் திரட்டி, மருத்துவமனையின் பிற தேவைகளுக்கும் தோட்டத்துக்கும் திருப்பிவிட்டார்கள். அந்த அனுபவத்தை மருத்துவ இதழ்களிலும் எழுதினார்கள். நம் டயாலிசிஸ் பிரிவின் நீரும் கழிப்பறைகளுக்கும் நுழைவாயில் மரங்களுக்கும் செல்ல வேண்டும் என்று நான் நிர்வாகத்திடம் கேட்டுவருகிறேன். இந்தப் பக்கத்திலும் அதைப் பதிவு செய்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

அந்த அம்மையார் குணமடைந்து வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டின் பின்புறம் இரண்டு வரிகள் எழுதிக் கொடுத்தேன். குடிப்பதற்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்பது முதல் வரி; அது அவருடைய உடல்நிலைக்கு நான் கணித்த அளவு. குளித்த நீர் முருங்கைக்கு என்பது இரண்டாவது. செடிக்கு ஊற்றாதீர்கள் என்று முதல் நாள் சொன்னதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஒரு நோயாளியின் வீட்டில் எந்த நீர் எங்கே போகிறது என்று கேட்பதும் மருத்துவரின் வேலைதான் என்பதை அன்று கற்றேன். இப்போது ஒவ்வொரு கோடையிலும் புறநோயாளிப் பிரிவில் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

அவர் இன்றும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து செவிலியர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்.